பரிணாமமும் பக்தியும்: வகுப்பறையிலும் வீட்டிலும் கேட்கப்பட்ட கேள்விகள்

இருபத்தாறு ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தேன். மற்ற பாடங்களில் எழும் சந்தேகம் மணி அடித்ததும் அடங்கிவிடும். பரிணாமப் பாடம் மட்டும் பிள்ளைகளோடு வீட்டுக்குப் போய், மறுநாள் அம்மா அப்பாவின் கேள்வியையும் சேர்த்துக்கொண்டு திரும்பி வரும். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் வீடு, ஐந்து வேளை தொழும் வீடு, பெரியார் படம் மாட்டிய வீடு, எங்கள் வீட்டைப் போலக் காலையில் பெருமாளுக்குத் தளிகை ஆன பிறகே சாப்பிடும் வீடு, எல்லா வீடுகளிலிருந்தும் கேள்வி வந்தது. அடிக்கடி வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் கடவுள் நம்பிக்கை உள்ளவள். பரிணாமம் நடந்தது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் என் பதில்களை எடைபோட உங்களுக்கு வசதியாக இருக்கும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து இருக்க முடியுமா?

முடியும். ஆனால் எல்லா விதமான நம்பிக்கையோடும் முடியாது. இந்தப் பூமிக்கு வயது ஆறாயிரம் ஆண்டு, ஒவ்வொரு உயிரினமும் இன்று இருக்கும் உருவத்திலேயே தனித்தனியாகச் செய்யப்பட்டது என்று ஒருவர் வேதத்தை எழுத்துக்கு எழுத்து வாசித்தால், அந்த நம்பிக்கைக்கும் பரிணாமத்துக்கும் சமரசம் கிடையாது. பூமிக்கு வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டு. இதில் பாதிக்குப் பாதி பேசி முடிக்க ஒன்றும் இல்லை.

கடவுள் இருக்கிறார், உலகம் அவரால் நிற்கிறது, நம் வாழ்வுக்கு அவர் முன் பொருள் உண்டு என்று நம்புகிறவருக்குப் பரிணாமம் தடை அல்ல. ஆனால் அவரும் ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும்: தன் வேதநூலை உயிரியல் புத்தகமாக வாசிக்கும் பழக்கத்தை. இது "எங்கள் நூலில் இல்லை, எனவே பொய்" என்பவருக்கு மட்டும் பொருந்துவது அல்ல. "எங்கள் நூலில் அப்போதே இருக்கிறது" என்பவருக்கும் பொருந்தும். நம் ஊரில் இரண்டாமவர்தான் அதிகம். அவரைப் பற்றிக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

பரிணாமம் என்றால் சரியாக என்ன?

இலங்கைப் பாடநூல்களில் இதைக் கூர்ப்பு என்பார்கள். படிவளர்ச்சி என்றும் சிலர் எழுதுவார்கள். ஒரே இனத்தைச் சேர்ந்த உயிர்களுக்குள் சிறு வேறுபாடுகள் உண்டு. அவற்றில் பல, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகின்றன. எந்த வேறுபாடு பிழைத்திருக்கவும் குட்டி போடவும் உதவுகிறதோ, அது அடுத்த தலைமுறையில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இதற்கு இயற்கைத் தேர்வு என்று பெயர். இப்படி லட்சக்கணக்கான தலைமுறை போனால் ஒரு கூட்டம் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு இனங்களாகிவிடும். பின்னோக்கிப் போனால் எல்லா உயிர்களும் ஒரே வேரில் போய்ச் சேரும். முதல் உயிர் எப்படி வந்தது என்பது இதற்கு முந்திய, தனியான கேள்வி.

அது வெறும் கோட்பாடுதானே?

பேச்சு வழக்கில் கோட்பாடு என்றால் ஒருவர் கருத்து. அறிவியலில் அப்படி இல்லை. நோய் கிருமிகளால் வருகிறது என்பதும் கோட்பாடுதான். அதை நம்பித்தான் டாக்டர் கை கழுவுகிறார்.

குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னும் ஏன் குரங்குகள் இருக்கின்றன?

ஒவ்வொரு ஆண்டும் கேட்கப்பட்ட கேள்வி. தமிழும் கன்னடமும் பழைய திராவிட மொழி ஒன்றிலிருந்து பிரிந்தவை. கன்னடம் தோன்றிவிட்டதே, இன்னும் ஏன் தமிழ் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. சிம்பன்சி நமக்குப் பாட்டன் அல்ல, பங்காளி. இரு கிளைக்கும் பொதுவான மூதாதை ஏறத்தாழ 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது.

சான்று கேட்பவர்களுக்கு நான் கரும்பலகையில் வரைந்து காட்டுவது, மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்களின் கணக்கை. சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான் மூன்றுக்கும் 24 ஜோடி. நமக்கு 23. ஒரே குடும்பம் என்றால் ஒரு ஜோடி எங்கே போயிற்று? ஒரு முழுக் குரோமோசோம் தொலைந்தால் உயிர் தாங்காது. ஆகவே இரண்டு சேர்ந்து ஒன்றாகியிருக்க வேண்டும். தேடிப் பார்த்தபோது நம் இரண்டாம் குரோமோசோமில் அந்தத் தடம் அப்படியே இருந்தது. நுனியில் மட்டுமே இருக்க வேண்டிய டெலோமியர் வரிசை, அதன் நடுவில் கிடக்கிறது. இரண்டு வேட்டியை நுனியோடு நுனி ஒட்டுப்போட்டுத் தைத்தால் நடுவில் கரை தெரியுமே, அதுபோல. ஒரு குரோமோசோமுக்கு இடுப்புப் போன்ற பகுதியான சென்ட்ரோமியர் ஒன்றுதான். இதில் சிதைந்துபோன இரண்டாவதன் மிச்சமும் இருக்கிறது.

பரிணாமத்துக்கு மாற்றுக் கருத்தை வகுப்பறையில் புகுத்தியதை எதிர்த்து 2005ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்த டோவர் பள்ளி வழக்கில் இந்தச் சான்றை நீதிமன்றத்தில் எடுத்து விளக்கியவர் கென்னத் மில்லர். பிரௌன் பல்கலைக்கழக உயிரியல் பேராசிரியர், பூசைக்குப் போகும் கத்தோலிக்கர்.

டார்வின் நாத்திகர்தானே?

அல்ல. இளமையில் ஆங்கிலிக்கன் பாதிரியார் ஆகும் எண்ணத்தோடு கேம்பிரிட்ஜில் படித்தவர். பிறகு நம்பிக்கை மெல்லத் தேய்ந்தது. பத்து வயது மகள் ஆனி 1851ல் இறந்தது அவரை உடைத்துவிட்டது. கடைசிக் காலத்தில் தன்னை அறியொணாவாதி, அதாவது கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பவர், என்றார். கடவுள் இல்லை என்று மறுப்பவனாக நான் ஒருபோதும் இருந்ததில்லை என்றும் 1879ல் ஒரு கடிதத்தில் எழுதினார். அதே கடிதத்தில், ஒருவர் தீவிர ஆத்திகராகவும் பரிணாமத்தை ஏற்பவராகவும் இருக்க முடியுமா என்று ஐயப்படுவதே அபத்தம் என்றும் சொல்லி, இரண்டு பேரை எடுத்துக்காட்டுகிறார். ஒருவர் ஆங்கிலிக்கன் பாதிரியார் சார்லஸ் கிங்ஸ்லி. மற்றவர் ஹார்வர்டு தாவரவியலாளர் ஏசா கிரே, ஆழ்ந்த கிறிஸ்தவர், அமெரிக்காவில் டார்வினுக்காக முன்னின்று வாதாடியவர். டார்வினின் நூல் 1859 நவம்பரில் வந்தது. 1860 ஜனவரியில் வந்த இரண்டாம் பதிப்பிலேயே கிங்ஸ்லியின் ஆதரவு வரிகள், பெயர் சொல்லாமல், இடம்பெற்றுவிட்டன. சண்டை தொடங்கிய அன்றே சமாதானமும் தொடங்கியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மரணப் படுக்கையில் டார்வின் தன் கொள்கையைத் துறந்து கிறிஸ்துவிடம் திரும்பினார் என்ற கதை இப்போதும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது 1915ல் ஹோப் சீமாட்டி என்பவர் பெயரில் கிளம்பியது. அப்பாவின் இறுதி நாட்களில் உடனிருந்த மகள் ஹென்ரியெட்டா, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று 1922ல் வெளிப்படையாக மறுத்தார். நல்ல நோக்கத்தோடுதான் அனுப்புகிறார்கள், தெரியும். ஆனால் பொய்யால் காப்பாற்ற வேண்டிய நிலையில் எந்த நம்பிக்கையும் இல்லை என்பது என் எண்ணம்.

பைபிள் ஆறு நாள் என்கிறதே? கிறிஸ்தவர்கள் இதை எப்படி ஏற்கிறார்கள்?

ஒரே பதில் இல்லை, ஏனென்றால் கிறிஸ்தவம் ஒரே குரலில் பேசுவது அல்ல.

கத்தோலிக்கத் திருச்சபை டார்வினின் நூலைத் தடைநூல் பட்டியலில் ஒருபோதும் சேர்க்கவில்லை. (அவருடைய தாத்தா எராஸ்மஸ் டார்வினின் நூல் ஒன்று அதில் இருந்தது.) 1950ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், மனித உடல் முன்பே இருந்த உயிர்ப்பொருளிலிருந்து வந்ததா என்று ஆராய்வதற்குத் தடையில்லை, ஆன்மா மட்டும் கடவுளால் நேரடியாகப் படைக்கப்படுகிறது என்று எழுதினார். 1996ல் இரண்டாம் யோவான் பவுல் ஒரு படி மேலே போய், பரிணாமம் இனி வெறும் கருதுகோள் அல்ல என்றார். 2014ல் பிரான்சிஸ், கடவுளை மந்திரக்கோல் வைத்த மந்திரவாதியாகக் கற்பனை செய்யாதீர்கள் என்றார்.

மறுபுறம், பூமிக்கு வயது சில ஆயிரம் ஆண்டுதான் என்னும் இளம்பூமிக் கொள்கை. 1650ல் அயர்லாந்துப் பேராயர் அஷர், பைபிளில் உள்ள வம்சாவளி ஆண்டுகளைக் கூட்டிப் படைப்பு நடந்தது கி.மு. 4004ல் என்று கணித்தார். ஆனால் இதை விடாப்பிடியாக ஒரு இயக்கமாக்கியது இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கா. 1925ல் டென்னசி மாநிலத்தில் பரிணாமம் சொல்லிக்கொடுத்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் போட்டார்களே, அந்த வழக்கில் பரிணாமத்தை எதிர்த்து வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன்கூட, பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் நாள் 24 மணி நேர நாளாக இருக்க வேண்டியதில்லை என்று சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் அவரைவிட இறுக்கமானார்கள். நம் ஊர்ச் சில சபைகளில் இன்று கேட்கும் இளம்பூமிப் பிரசங்கம் அப்போஸ்தலர் காலத்துச் சொத்து என்று நினைக்க வேண்டாம்; 1960களுக்குப் பிறகு கப்பல் ஏறி வந்தது.

பழைய சொத்து வேறு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித அகுஸ்தீனார், ஆதியாகமத்துக்கு உரை எழுதும்போது எச்சரிக்கிறார்: வானம், பூமி, விலங்குகள் பற்றி விசுவாசி அல்லாதவருக்கும் அனுபவத்தாலும் அறிவாலும் நிறையத் தெரியும், அவர் முன்னால் ஒரு கிறிஸ்தவர் வேதத்தின் பெயரால் உளறினால், உயிர்த்தெழுதலைப் பற்றி நாம் சொல்வதை அவர் எப்படி நம்புவார்? டார்வினுக்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியது.

இஸ்லாத்தில்?

வானங்களும் பூமியும் ஆறு நாட்களில் படைக்கப்பட்டன என்று குர்ஆனும் சொல்கிறது. ஆனால் அந்த நாளை மனிதக் கணக்கு நாளாக எடுத்துக்கொள்ளும் கட்டாயம் இல்லாததால் பூமியின் வயது பெரிய சிக்கலாக ஆகவில்லை. சிக்கல் ஆதம் நபியில் வருகிறது. மற்ற உயிர்களின் பரிணாமத்தை ஏற்று, மனிதனை மட்டும் தனிப் படைப்பாக வைக்கும் அறிஞர்கள் பலர். மனிதனையும் சேர்த்தே ஏற்பவர்களும் உண்டு. ஜோர்டான் நாட்டு மூலக்கூறு உயிரியலாளர் ரானா தஜானி, ஹிஜாப் அணிந்து, தன் பல்கலைக்கழக வகுப்பில் பரிணாமத்தை மனிதனையும் சேர்த்தே நடத்துகிறவர். துருக்கியோ 2017ல் உயர்நிலைப் பள்ளிப் பாடத்திட்டத்திலிருந்தே அதை எடுத்துவிட்டது.

தசாவதாரத்தில் பரிணாமம் இருக்கிறதே? மீன், ஆமை, பன்றி, நரசிம்மம், வாமனன்...

இந்தக் கேள்வி என் சொந்தக்காரர்களிடமிருந்துதான் அதிகம் வந்தது. கேட்கும்போது முகத்தில் ஒரு பெருமிதம் இருக்கும். அதை உடைக்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

முதலில் வரலாறு. டார்வினுக்கு முன் தசாவதாரத்தை எவரும் இப்படி விளக்கியதாகத் தெரியாது. பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார் 1877ல் எழுதினார். வங்கத்தில் கேசவ சந்திர சென் 1882ல் பேசினார். டார்வின் சொன்ன பிறகு திரும்பிப் பார்த்து ஒப்புமை கண்டார்கள், அவ்வளவே. பொருத்தமும் மேலோட்டமானது. பன்றியிலிருந்து சிங்கம் வரவில்லை. வாமனன் குறைவளர்ச்சி மனிதன் அல்ல, வேதம் ஓதிய பிரம்மசாரி. பரிணாமம் ஏணியும் அல்ல. கிளை விட்டுக்கொண்டே போகும் ஆலமரம்.

எனக்கு இதைவிட முக்கியமானது, இந்த ஒப்புமையால் பக்திக்கு ஏற்படும் நட்டம். அவதாரம் என்றால் கீழே இறங்குதல். எட்டாத உயரத்தில் இருப்பவன் மீனாகவும் ஆமையாகவும் சேற்றில் அளையும் பன்றியாகவும் இறங்கி வந்தானே என்றுதான் ஆழ்வார்கள் உருகினார்கள். அந்த எளிமைக்கு நம் பெரியவர்கள் சௌலப்பியம் என்று பெயர் வைத்து அதன்மேல் ஒரு தத்துவத்தையே கட்டினார்கள். அதைக் கீழிருந்து மேலே ஏறும் உயிரியல் அட்டவணையாக மாற்றினால் டார்வினுக்கு ஒன்றும் கூடாது; நமக்குத்தான் ஆழ்வார் குறைந்துபோவார்.

திருவாசகத்தின் "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" வரிக்கும் இதே பதில். அந்தப் பட்டியலில் கல் வருகிறது, பேய் வருகிறது, தேவர் வருகிறார். ஓர் உயிர் பிறவிதோறும் அலைந்த களைப்பை மாணிக்கவாசகர் சொல்கிறார். "பிறந்திளைத்தேன்" என்று முடிவதைப் பாருங்கள். பரிணாமத்தில் தனி உயிர் எதுவும் மாறுவதில்லை, கூட்டம்தான் தலைமுறைகளில் மாறுகிறது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை புலன்களை வைத்துப் பிரிக்கிறதே, அது நுட்பமான வகைப்பாடு. ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று அது சொல்லவே இல்லை. சொல்லாததைச் சொன்னதாகப் புகழ்வது, சொன்னதைக் கவனிக்காமல் விடுவதற்குச் சமம்.

இதே தவறைத் தன் மதத்தில் தடுத்த ஒருவரைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்வேன். பிரபஞ்சம் ஒரு புள்ளியிலிருந்து விரிந்தது என்ற கருத்தை முன்வைத்த ஜார்ஜ் லெமேத்ர், பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குருவானவர். 1951ல் திருத்தந்தை பயஸ், இந்தக் கண்டுபிடிப்பு படைப்புக்குச் சான்று என்ற தொனியில் உரையாற்றியபோது, மகிழ வேண்டியவர் லெமேத்ர்தான். அவர் மகிழவில்லை, இயற்பியலையும் வேதத்தையும் இப்படி முடிச்சுப் போட வேண்டாம் என்று உரியவர்களிடம் சொல்லி, பயஸ் மீண்டும் அப்படிப் பேசாமல் இருக்கச் செய்தார். அறிவியல் நாளை மாறினால் விசுவாசமும் கூடவே விழுமே என்ற கவலை அவருக்கு.

அப்படியானால் அறிவியல் ஓர் அறை, மதம் ஓர் அறை, நடுவே சுவர் என்கிறீர்களா?

தொல்லுயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டு 1997ல் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னார்: உண்மைகள் அறிவியலின் ஆட்சி எல்லை, பொருளும் அறமும் மதத்தின் ஆட்சி எல்லை. நல்ல எண்ணம். ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சுவர் நிற்கவில்லை.

எங்கள் வீட்டுக் கோவிலாழ்வாரில், அதாவது பூஜை மாடத்தில், மூன்று சாளக்கிராமங்கள் உண்டு. நேபாளத்தில் கண்டகி நதியில் கிடைக்கும், பெருமாளாகவே வழிபடப்படும் கறுப்பு நிறக் கல் உருண்டைகள். அங்கே உள்ள முக்திநாத் நம் நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் ஒன்று, பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடியது. அப்பா தினமும் காலையில் அவற்றைத் தாமிரத் தட்டில் எழுந்தருளப் பண்ணித் திருமஞ்சனம் (நீராட்டு) செய்வார். ஒன்றில் பக்கவாட்டில் சில்லு பெயர்ந்து உள்ளே சுருள் தெரியும். சுருளின் மேல் விலா எலும்பு போல வரிவரியாக மேடுகள். சக்கரம் என்று கும்பிடுவோம். கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஆய்வகத்தில் ஒரு தொல்லுயிர் எச்சத்தைக் கையில் கொடுத்து வரையச் சொன்னார்கள். அம்மோனைட், கணவாயின் தூரத்துச் சொந்தம், டைனோசர்களோடு 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போன கடல்வாழ் உயிரி. எங்கள் பெருமாளின் அதே சுருள், அதே வரி. கை நடுங்கிவிட்டது.

இமயமலை இருக்கும் இடத்தில் முன்பு டெதிஸ் என்ற கடல் இருந்தது. அதன் அடிச்சேற்றில் புதைந்த அம்மோனைட்டுகள் கல்லாகி, நிலத்தட்டு முட்டி மலை எழுந்தபோது கூடவே எழுந்து, நதியில் உருண்டு வருகின்றன. ஏறத்தாழ 15 கோடி ஆண்டு வயது. இதை அப்பாவிடம் சொல்ல ஒரு வாரம் தயங்கினேன். சொன்னபோது அந்தக் கல்லைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். "அப்போ இதுக்கு ஒரு காலத்துல உயிர் இருந்திருக்கு" என்றார். பிறகு, "அதான் சாளக்கிராமத்துக்குப் பிராணப் பிரதிஷ்டை வேண்டாம்னு வச்சிருக்கா போலிருக்கு." சிலைக்கு உயிர் ஏற்றும் சடங்கைத்தான் சொன்னார். மறுநாளும் திருமஞ்சனம் நடந்தது.

நம் பழைய மரபும் அந்தச் சுருளை வஜ்ரகீடம் என்ற புழு குடைந்ததாகத்தான் சொல்கிறது. புழு குடையவில்லை, அது ஓர் உயிரின் ஓடு. அந்த இடத்தில் மரபு தவறு, அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். அப்பா சொன்னதும் அறிவியல் வாதம் அல்ல. புதிதாகத் தெரிந்த உண்மையைத் தன் வழிபாட்டுக்குள் அமர வைக்க ஒரு பக்தர் இடம் தேடினார். அந்த உண்மையை அவர் மறுக்கவில்லை, எங்களுக்கு முன்பே தெரியும் என்று உரிமையும் கொண்டாடவில்லை. சேர்ந்து இருப்பது என்று நான் சொல்வது இதைத்தான். சுவர் கட்டினால் இது நடந்திருக்காது.

எல்லாம் தற்செயல் என்றால் கடவுளுக்கு வேலை என்ன?

எல்லாம் தற்செயல் என்று பரிணாமம் சொல்லவில்லை. மரபணுவில் வரும் மாற்றம், தேவையைப் பார்த்து வருவதில்லை. அந்த அளவில் தற்செயல். எது தங்கும், எது போகும் என்ற தேர்வு தற்செயல் அல்ல. தவிர, தற்செயல் என்பது நாம் முன்கூட்டிக் கணிக்க முடியாதது என்ற கணக்குச் சொல். அதற்குப் பின்னால் யாரும் இல்லை என்று நிறுவும் கருவி ஆய்வகத்தில் கிடையாது. இருக்கிறார் என்று நிறுவும் கருவியும் கிடையாது. இங்கேதான் பரிணாமத்தின் பக்கம் நிற்பவர்களும் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்: "ஆகவே கடவுள் இல்லை" என்பது அவர்களுடைய தத்துவ முடிவு, விலங்கியல் முடிவு அல்ல.

உங்களுக்கு இதில் உண்மையாகவே கஷ்டமான கேள்வி எது?

வலி. ஆறு நாள் கணக்கும் குரங்கும் எனக்கு எப்போதும் சிக்கலாக இருந்ததில்லை. வலிதான்.

ஏசா கிரேவுக்கு 1860 மே மாதம் எழுதிய கடிதத்தில் டார்வின் ஒரு குளவி இனத்தைக் குறிப்பிடுகிறார். அது உயிருள்ள கம்பளிப்புழுவின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சுகள் புழுவை உள்ளிருந்து தின்று வளரும். கருணையுள்ள கடவுள் வேண்டுமென்றே இதைத் திட்டமிட்டார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்கிறார்.

நம் வீட்டுச் சுவர்களில் மண்கூடு கட்டும் குளவி, அந்த இனத்தின் உறவு. ஸ்விட்ச் போர்டு இடுக்கிலும் ஜன்னல் மூலையிலும் கட்டியிருக்கும். கூட்டுக்குள் முட்டையிட்டு, பச்சைப் புழுவைக் கொட்டி மரத்துப்போகச் செய்து, உயிரோடு உள்ளே அடைத்து, வாயை மண்ணால் பூசிவிட்டுப் போகும். சில வாரங்களில் கூட்டை உடைத்துக்கொண்டு குளவி வெளியே வரும். நம் முன்னோர் இதைப் பார்த்து, குளவி கொட்டக் கொட்டப் புழுவே குளவியாகிவிடுகிறது என்று நினைத்தார்கள். இறைவனையே நினைத்து நினைத்து ஆன்மா அவன் தன்மை பெறுவதற்கு இதை உவமையாக்கினார்கள். பிரமரகீட நியாயம் என்று அதற்குப் பெயர். அழகான உவமை. ஆனால் கூட்டுக்குள் நடப்பது வேறு: புழு குளவியாகவில்லை, குளவிக்கு இரையாகிறது. ஒரே கூட்டைப் பார்த்து ஒருவர் அருளைக் கண்டார், ஒருவர் கொடுமையைக் கண்டார்.

ஒருமுறை வகுப்பு ஜன்னலில் இருந்த கூட்டை பிளேடால் கவனமாகக் கீறித் திறந்து காட்டினேன். ஏழெட்டுப் புழுக்கள் வரிசையாகக் கிடந்தன. ஊசியால் தொட்டால் ஒன்று லேசாக நெளிந்தது. கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி அழுதுவிட்டாள். அவளுக்குச் சொல்ல அன்று என்னிடம் பதில் இல்லை, இன்றும் முழுசாக இல்லை. உயிர்கள் தாமாக உருவாகும் சுதந்திரத்தோடு படைக்கப்பட்ட உலகில் வலியும் சேர்ந்தே வரும் என்று சில இறையியலாளர்கள் சொல்கிறார்கள். கர்மம் என்று நம் மரபு சொல்கிறது. புழுவின் கர்மம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: இந்தக் கேள்வி டார்வினோடு பிறந்தது அல்ல. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரிந்தது. டார்வினும் அதை மகளின் கட்டிலருகில்தான் கற்றார்.

மனிதனுக்கு ஆன்மா எந்தக் கட்டத்தில் வந்தது?

ஆன்மா மனிதனுக்கு மட்டும் என்று சொல்லும் மதங்களுக்கு இது கடினமான கேள்வி. கல்லாயுதம் செய்தவர்கள் எல்லோரும் நம் இனத்தவர் அல்லர். திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011ல் வெளியான ஆய்வு சொல்கிறது. நம் ஹோமோ சேப்பியன்ஸ் இனத்துக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எலும்புகளின் வயது ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுதான். அந்தக் கோடரியைச் செதுக்கிய கைக்கு ஆன்மா உண்டா? கத்தோலிக்க இறையியலாளர்கள் இதை இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லா உயிருக்கும் ஆன்மா உண்டு என்னும் வைணவ, சைவ, சமண மரபுகளுக்கு இந்தக் கோடு தேவைப்படவில்லை. காஞ்சிபுரம் பக்கத்தில் திருப்புட்குழி இருக்கிறது. இராமன் ஜடாயு என்ற பறவைக்கு மகன் ஸ்தானத்தில் ஈமக்கடன் செய்த ஊர் என்று கும்பிடுகிறோம். அங்கே போய் வந்தவருக்கு, விலங்கு நம் உறவு என்ற செய்தி அதிர்ச்சி தருவதில்லை. ஆனால் நமக்கும் வேறொரு முள் உண்டு. மானிடப் பிறவி அரிது, அதுவே படிகளின் உச்சி என்று நினைத்துப் பழகியிருக்கிறோம். பரிணாமத்துக்கு உச்சி கிடையாது. கரப்பான்பூச்சியும் நம்மளவு காலம் பரிணமித்து வந்ததுதான்.

கோயிலுக்குப் போகும் விஞ்ஞானி இரட்டை வேடம் போடுகிறாரா?

இல்லை. மரபியலுக்கு அடித்தளம் போட்ட கிரெகர் மெண்டல், ப்ருனோ நகரத்து மடத்தில் பட்டாணிச் செடி வளர்த்த துறவி. "பரிணாமத்தின் வெளிச்சத்தில் அல்லாமல் உயிரியலில் எதுவும் பொருள்படாது" என்று 1973ல் எழுதிய தியோடோசியஸ் டாப்ஷான்ஸ்கி, ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். அந்தக் கட்டுரையிலேயே தன்னைப் படைப்பையும் பரிணாமத்தையும் நம்புகிறவன் என்கிறார். மனித மரபணுத் தொகுதித் திட்டத்துக்குத் தலைமை வகித்த பிரான்சிஸ் காலின்ஸ், நாத்திகராக இருந்து கிறிஸ்தவரானவர். ஆய்வகத்தில் இவர்கள் யாரும் "இங்கே கடவுள் செய்தார்" என்று குறிப்பேட்டில் எழுதவில்லை. இட்லி மாவு ஏன் பொங்குகிறது என்பதற்கு நுண்ணுயிர்தான் காரணம் என்று தெரிந்துகொண்டே அந்த இட்லியைப் பெருமாளுக்கு அமுது செய்விக்கிறோம். அதில் வேடம் எங்கே இருக்கிறது?

பகுத்தறிவு இயக்கத்தார் மதத்துக்கு எதிராகத்தானே பரிணாமத்தைப் பயன்படுத்தினார்கள்?

ஆம், அதற்கு நான் அவர்களுக்கு நன்றி சொல்வேன். 1930களில் சிங்காரவேலர் குடி அரசு இதழில் அறிவியலை எளிய தமிழில் எழுதினார். பிறப்பால் ஒருவன் உயர்ந்தவன் என்று சொன்ன சமூகத்துக்கு, எல்லோருக்கும் ஒரே மூதாதை என்ற செய்தி மிகவும் தேவைப்பட்டது. அவர்களுடைய கடைசி முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் சாதிக்கு வேதத்தில் ஆதாரம் தேடியவர்களைவிட அவர்கள் உண்மைக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

பள்ளியில் இரண்டையும் சொல்லிக்கொடுத்துவிட்டு, மாணவரே தேர்ந்தெடுக்கட்டும் என்று விடலாமே?

கேட்க நியாயமாக இருக்கும். டோவரில் இதைத்தான் முயன்றார்கள்: பரிணாமத்துக்கு மாற்றாக அறிவார்ந்த வடிவமைப்பு (உயிர்களை ஓர் அறிவு திட்டமிட்டு வடிவமைத்தது) என்ற கருத்தை மாணவர் கவனத்துக்குக் கொண்டுவர உயிரியல் வகுப்பில் ஓர் அறிவிப்பை வாசிக்கச் செய்தார்கள். பெற்றோர் பதினொரு பேர் வழக்குப் போட்டார்கள். 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ், அது அறிவியல் அல்ல, மதக் கருத்து என்று தீர்ப்பளித்தார். பரிணாமம் படைப்பாளி ஒருவர் இருப்பதை மறுக்கவில்லை என்று அறிவியலாளர்கள் அளித்த சாட்சியத்தையும் தீர்ப்பில் பதிவு செய்தார்.

இந்தியாவில் 2018 ஜனவரியில் ஒன்றிய இணையமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாக எழுதவில்லை, டார்வின் சொன்னது தவறு என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுத்தன. 2023ல், தேசியப் பாடநூல்களை வெளியிடும் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் மரபும் பரிணாமமும் என்ற பாடம், பரிணாமம் நீங்கி மரபு மட்டுமாகச் சுருங்கியது வெளியே தெரிந்தது. பாடச்சுமையைக் குறைக்க என்றார்கள். 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுக்காத பிள்ளை இதைக் கேள்விப்படாமலே பள்ளியை முடித்துவிடும். எந்தச் சாமிக்கும் அதனால் ஒரு நன்மையும் இல்லை.

பிள்ளைகளுக்கு நேரில் காட்ட நம் ஊரில் ஏதாவது இருக்கிறதா?

நிறைய. பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்துச் செம்மண் ஓடைகள் பத்துக் கோடி ஆண்டுக்கு முன் கடலடி. மழைக்குப் பிறகு போனால் அம்மோனைட் தடங்கள் கண்ணில் படும். அருகே சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறது. அரியலூர் பக்கம் வாரணவாசியில் தொல்லுயிர் அருங்காட்சியகம் உண்டு. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் சம்பந்தர் பாடிய கோயிலும் 2 கோடி ஆண்டுக் கல்மரப் பூங்காவும் பக்கத்தில் பக்கத்தில். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

சென்னையில் இருப்பவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் சேகரித்த கல்லாயுதங்களைப் பாருங்கள். டார்வின் நூல் வெளியாகி நான்கே ஆண்டில், 1863 மே 30 அன்று, பல்லாவரத்தில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்து, இந்தியாவில் மனிதனின் பழமையை யாரும் நினைக்காத அளவுக்குப் பின்னால் கொண்டுபோனவர். அவர் மணந்தது யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் பணியாற்றிய பாதிரியார் பீட்டர் பெர்சிவலின் மகளை. தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டாரே, அந்தப் பெர்சிவல். ஃபூட்டின் நினைவுக் கல் ஏற்காட்டுத் தேவாலயத்தில் இருக்கிறது.

காரையிலும் திருவக்கரையிலும் ஒரு துண்டைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டாம். அடுத்துப் போகும் பிள்ளைக்கும் அது அங்கேயே இருக்க வேண்டும்.